சீட்டை ஏற்றி வைத்திருக்கிறேன்

அன்புள்ளவருக்கு,

நானும் நம் வாலுப் பெண்ணும் நலம், என் கழுத்தையும் உள்ளங்கைகளையும் தவிர. நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? போனில் எதைக் கேட்டாலும் "ம்" என்கிறீர்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஆஸ்பத்திரிப் பக்கம் போகும் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். வேறு வழியில்லாமல் உங்கள் மூத்த தாரத்தை வெளியே எடுத்தேன். ஆமாம், அந்த ரேஸ் சைக்கிளைத்தான். கோபப்படாதீர்கள். தூசி தட்டி, காற்றடித்து, சீட்டை இறக்கி ஏறினால் ஹேண்டில்பார் அடுத்த தெருவில் இருக்கிறது. உங்கள் நீளக் கைக்குப் பார்த்து வாங்கியதாயிற்றே! எட்டவில்லை என்று சீட்டை முன்னால் தள்ளினேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு. உடம்புப் பாரம் முழுக்கக் கைக்கு வந்துவிட்டது. வேலைக்குப் போய்ச் சேர்வதற்குள் விரல்கள் மரத்துவிடும். எனக்கு வேலையே ரத்தம் எடுப்பது. போன வாரம் ஒரு பெரியவருக்குத் திரும்பத் திரும்பக் குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. அவர் பொறுமையாக மறு கையை நீட்டினார். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

சைக்கிள் கடைக்காரர் சீட்டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, ஹேண்டில்பாரைத் தாங்குகிற ஸ்டெம்மை எடுத்துவிட்டுக் குட்டையாக ஒன்று மாட்டினார். கை லேசாயிற்று. ஆனால் வண்டி நிலைகொள்ளாமல் போய்விட்டது. கொஞ்சம் திருப்பினால் சடக்கென்று திரும்புகிறது. பாலத்து இறக்கத்தில் ஒரு பள்ளத்துக்கு ஒதுங்கப் போய் விழுந்துவிட்டேன். முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். வாலுவிடம் படியில் தடுக்கிவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். நீங்களும் உளறிவிடாதீர்கள்.

மறுபடி கடைக்குப் போனேன். பட்டனை மாற்றி மாற்றித் தைத்தா பெரிய சட்டை சின்னதாயிடுமா, ஃப்ரேமே உங்களுக்குப் பெருசும்மா என்று சொல்லிவிட்டார். நீளம் குறைந்து, முன்பக்கம் உயரமாக ஒரு வண்டி வைத்திருக்கிறார். ஓட்டிப் பார்த்தேன். என்ன சுகம் தெரியுமா! நிமிர்ந்து உட்கார்ந்து ஊரைப் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு கையை விட்டு மூக்கைக்கூடச் சொறிந்துகொண்டேன். உங்களுடையதைக் கொடுத்துவிட்டு இதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். சும்மா நிக்கிற வண்டிதானே, ஓட்டுறவர் எப்ப வர்றார் என்றும் கேட்டார்.

அதை நான் உங்களிடம்தான் கேட்க வேண்டும். மழை முடிந்ததும் வருகிறேன் என்றீர்கள். பிறகு வாலுவின் பரீட்சைக்குள் என்றீர்கள். இப்போது ஒப்பந்தத்தை நீட்டிக்கக் கேட்கிறார்கள் என்கிறீர்கள். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை. எனக்கு அலுத்துவிட்டது. சண்டை போடக்கூடத் தெம்பில்லை.

எடுத்துக்கொள்ளுங்கள் என்று வாய் வரை வந்தது. சொல்லவில்லை. பழைய ஸ்டெம்மையே மாட்டித் தரச் சொல்லி உருட்டிக்கொண்டு வந்துவிட்டேன். சீட்டையும் உங்கள் உயரத்துக்கு ஏற்றி இறுக்கிவிட்டேன். இனி எனக்குக் கால் எட்டாது. வேலைக்கு நடந்துதான் போகிறேன். ரொம்ப தூரமாக இருக்கிறது. இப்படியே வெகுநாள் நடக்க என்னால் முடியாது. அதற்குள் வந்துவிடுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் இளைய தாரம்