டவுனுக்குள் விரல் தூக்கக்கூடாது

மே 9
பேத்தி டெஸ்ஸின் பள்ளியில் தாத்தா பாட்டி தினம் வருகிறது. பிள்ளைக்கு ஒரு விருந்தினர்தான். பாட்டிகள் இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நானா, சம்பந்தி ரெக்ஸா? சனிக்கிழமைப் பயணம் முடிந்ததும் சொல்வாளாம். வழியில் 'கூராவில்' என்ற பழைய ஊரில் நிற்கப்போகிறோம். அதன் வரலாற்றைப் படித்துக் குறிப்பெடுக்கிறேன். என் பேத்தி கேட்பாளா?

மே 11
ரெக்ஸ் வண்டி ஓட்டினார். பக்கத்தில் டெஸ். பின்னால் நான், என் மகள் ஹீதர், ஐஸ்பெட்டி. எதிரே வந்த ஒவ்வொரு வண்டிக்கும் ரெக்ஸ் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தினார், அவர்களும் உயர்த்தினார்கள்; நாட்டுப்புறச் சாலையில் அதுதான் வணக்கம்.

"தாத்தாவுக்கு எங்க போனாலும் ஃப்ரெண்டு!" என்றாள் டெஸ். எந்தத் தாத்தா என்று சொல்லத் தேவையே இல்லை.

கூராவில் ஊர் பேக்கரியில் இறைச்சி அடைத்துச் சுட்ட 'பை' பலகாரம் வாங்கியபின், நான் ஓட்டுகிறேன் என்றேன். கடைத்தெருவில் எதிரே வந்த லாரிக்கு விரலை உயர்த்தினேன். ஓட்டுநர் முறைத்தார்.

"டவுனுக்குள்ள தூக்கப்படாது சம்பந்தி! எலெக்‌ஷன்ல நிக்கிறியா?" என்றார் ரெக்ஸ்.

டெஸ் சிரித்த சிரிப்பில் சாஸ் சட்டையெல்லாம் சிந்தியது. என் காது சுட்டது. இந்த வயதில் பொறாமையா? வேறென்ன பெயர் வைப்பது?

அன்று மாலை
கூராவில் ஊரின் பழைய சிறைச்சாலை. என் குறிப்பைப் பிரிப்பதற்குள் டெஸ் ரெக்ஸின் பேய்க்கதைக்குப் பின்னால் ஓடிவிட்டாள். இருட்டறைக்குள் நானும் அவரும் நுழைந்ததும், விளையாட்டாகக் கதவைச் சாத்தினாள். தாழ் சிக்கிக்கொண்டது.

ஈரமான கை ஒன்று என் மணிக்கட்டைப் பற்றியது.

"நெவில், பேசு... எதையாவது பேசுய்யா. மூச்சு முட்டுது."

பேசினேன். இந்தக் கதவுநிலைக்குக் கல் செதுக்கிய கொத்தனார், கூலி வாங்கிய அன்றே குடித்துச் சண்டை போட்டு, இதற்குள்ளேயே முதல் கைதியாக வந்தார் என்று.

"அப்புறம்?"

நாள் முழுவதும் என்னிடம் 'அப்புறம்' கேட்டவர் அவர் ஒருவர்தான்.

கதவு திறந்தது. "புள்ளகிட்ட சொல்லிடாத," என்று முணுமுணுத்தார்.

சொன்னால் பள்ளியில் அந்த விருந்தினர் நாற்காலி எனக்கு. சொல்லட்டுமா?

மே 12
சொல்லவில்லை. பெருந்தன்மையா, பயமா — எனக்கே தெரியவில்லை. நாக்கு மட்டும் இன்னும் துடிக்கிறது.

மே 15
ரெக்ஸைத்தான் கூப்பிட்டிருக்கிறாள். சரி. சரியா? இல்லை, சரியில்லை.

மே 23
டெஸ் போன் செய்தாள்.

"ரெக்ஸ் தாத்தா கிளாஸ்ல அந்தக் கொத்தனார் கதையைச் சொன்னாரு. இருட்டுல தான் நடுங்கினதைக்கூட சொல்லிட்டாரு! 'நெவில் பேசலைன்னா நான் செத்தே போயிருப்பேன்'னாரு. ஆமா தாத்தா, அந்தக் கொத்தனார் இன்னும் அங்க பேயா சுத்துறாராமே?"

பேய் என் குறிப்பில் இல்லை.

"ஆமாம், சுத்துறார்," என்றேன்.

மே 25
ரொட்டி வாங்கக் காரில் போனேன். எங்கள் ஊர்க் கடைத்தெருவில் எதிரே ரெக்ஸின் வண்டி. ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரல் உயர்ந்தது. டவுனுக்குள்ளேயே!

நானும் உயர்த்தினேன்.