நீலமாகத் தெரிந்த ஜோதி

கீரப்பாளையம்,
வியாழக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

அமராவதி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் மாடும் வயலும் சுகம். உங்கள் சுகத்தை நினைத்துத்தான் உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. போனில் சொல்லலாம் என்றால், ராய்ப்பூர் அறையில் நீங்கள் ஸ்பீக்கரில் போட, கூட இருப்பவர்கள் எல்லோரும் எனக்கு வணக்கம் சொல்கிறார்கள். இது அவர்கள் காதுக்குப் போகிற சங்கதி இல்லை. தனியாக இருக்கும்போது படியுங்கள்.

குறுவைக்கு நாற்று விட்டாயிற்று. போர் மோட்டார் மறுபடி மக்கர் செய்கிறது. அது கிடக்கட்டும்.

நீங்கள் விட்டுப்போன பழைய கண்ணாடியை எடுக்கக் கூட்டைத் திறந்தேன். உள்ளே ஒரு மாத்திரை அட்டை, ஒன்று மட்டும் காலி. படம் பிடித்து, கடலூரில் நர்ஸாக இருக்கும் அக்கா மகள் சிந்துஜாவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டு, “யாருக்கு சித்தி இது?” என்றாள். ஆம்பளைங்க போடுற மாத்திரை என்று அவள் இழுத்த இழுப்பிலேயே புரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு அய்யனாருக்கு என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். பாவம் மனுஷன், ஒன்றும் தெரியாமல் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார்.

அதைப் போட்டால் தலைவலி வருமாம், முகம் சிவக்குமாம், மூக்கு அடைக்குமாம். சிலருக்குக் கொஞ்ச நேரம் பார்ப்பதெல்லாம் நீலம் பூத்துத் தெரியுமாம். கேட்டதும் எனக்குத் தைப்பூசம் ஞாபகம் வந்தது. விடியுமுன்னே கிளம்பி வடலூர் போனோமே. கடைசித் திரை விலகியதும், “அமராவதி, ஜோதி நீலமா தெரியுதுடி” என்று கண்ணீர் விட்டீர்கள். எனக்கு எப்போதும்போல மஞ்சளாகத்தான் தெரிந்தது. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை என்று நினைத்து உங்களையே கும்பிட்டேன் மாமா! ஊரெல்லாம் சொன்னீர்கள். மீன் சாப்பிடுவதையே விட்டீர்கள். அது நல்லதுதான், அப்படியே இருக்கட்டும்.

சிதம்பரம் போய் உங்கள் கூட்டாளி மணவாளன் அண்ணனைக் கடையிலேயே பிடித்து உலுக்கினேன். “நான் என்ன தங்கச்சி பண்றது, மச்சான்தான் கேட்டான்” என்று தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் சீட்டு இல்லாமல் அவரே வாங்கிக் கொடுத்தாராம். நல்ல கூட்டாளி!

கோபம் அதற்குக்கூட இல்லை. நெஞ்சை அடைக்கிறது என்று டாக்டரிடம் போனதற்கு, நாக்குக்கு அடியில் வைக்க அங்கே ஒரு மாத்திரை கொடுத்திருப்பதாகப் போன வாரம் சொன்னீர்களே. அதுவும் இதுவும் உடம்பில் சேர்ந்தால் பிரஷர் ஒரேயடியாக இறங்கி உயிருக்கே ஆபத்து என்கிறாள் சிந்துஜா. கேட்டதிலிருந்து அடுப்பில் வைத்த பால் பொங்குவதுகூடத் தெரியவில்லை. ஆனித் தேருக்கு வருகிறேன் என்றீர்கள். ரயிலை விட்டு இறங்கியதும் மணவாளன் அண்ணன் கடைக்குத்தான் போவீர்கள் என்று எனக்குத் தெரியாதா?

வேண்டாம் மாமா. கையில் மிச்சம் இருந்தால் தூக்கிப் போடுங்கள். வக்கீலிடமும் வைத்தியரிடமும் ஒளிக்கக் கூடாது என்பார்கள். அந்த டாக்டரிடம் வெட்கப்படாமல் எல்லாவற்றையும் சொல்லுங்கள். சர்க்கரையால், ரத்தக்குழாய் அடைப்பால்கூட இந்தக் குறை வருமாம். பரிசோதனை செய்தால் வழி சொல்வார்களாம்.

வடலூர் போனதற்கு முந்தின ராத்திரி எனக்குச் சந்தோஷம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு முன்பும் நான் ஒரு நாளும் குறையாக நினைத்ததில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தீர்களே, அதுதான் வலித்தது.

நடராஜர் உங்களைக் குறைவில்லாமல் கொண்டுவந்து சேர்க்கட்டும். எனக்கு எதுவும் வாங்கி வர வேண்டாம். இந்தத் தடவை என் பக்கம் பார்த்துப் படுத்துத் தூங்குங்கள். காலையில் எழுந்திருங்கள். அது போதும் எனக்கு.

வழி பார்த்திருக்கும்,
அமராவதி.