இடக்கையால் சுற்றிய மணி

மார்ச் 4
பாழடைந்த வீட்டுக் கிணறு ஒன்றைத் தூர்வாரியபோது சேற்றோடு அள்ளி வந்தார்களாம். கண்ணாடி மணிகள், நாற்பத்திரண்டு. கோத்திருந்த நூல் மக்கிவிட்டது. சோதித்து வயது சொல்ல என்னிடம் வந்திருக்கின்றன. அருங்காட்சியகக் காப்பாளருக்குக் கால் தரையில் பாவவில்லை. "ஆயிரம் வருஷமாவது இருக்கும், இல்லையா?" என்கிறார். கழுவிக்கூடப் பார்க்காமல் சொல்ல நான் என்ன ஜோசியக்காரியா?

செங்கல் சிவப்பு. அக்கா போட்டிருந்த மாலையும் இதே சிவப்புதான். உலகத்தில் பாதி மணி இந்தச் சிவப்பு. வேலையைப் பார்.

மார்ச் 6
கழுவி, லென்ஸில் பார்த்தேன். பழைய வேலைதான். உருகிய கண்ணாடியை நீளக் குழலாக இழுத்து, துண்டு துண்டாக வெட்டி, விளிம்பு மழுங்க மறுபடி சூடாக்குவார்கள். இழுக்கும்போது உள்ளே சிக்கிய காற்றுக் குமிழும் துளையின் போக்கிலேயே நீண்டுவிடும். நாற்பத்தொன்றில் அப்படித்தான் இருக்கிறது.

ஒன்றில் மட்டும் கோடுகள் துளையைச் சுற்றி ஓடுகின்றன. அது கம்பியில் சுற்றிச் செய்தது. குழல் இழுக்க இரண்டு பேர் வேண்டும். சுற்ற ஒருத்தி போதும்.

தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். தலைவலி இல்லை.

மார்ச் 7
டப்பாவைத் திறக்கவில்லை.

மார்ச் 9
திறந்தேன். சுருள் வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்கிறது. இடக்கையால் சுற்றியது. சரி, உலகத்தில் நான் ஒருத்திதான் இடக்கையா? ஆனால் துளையோரம் ஒரு தட்டை, கோணலாக இரண்டு தேய்ப்பு —

அம்மா வழியில் வந்த அந்தப் பழைய மாலையை நான்தான் கீழே போட்டேன். ஒரு மணி உடைந்தது. அப்போது பட்டறையில் மணி சுற்றக் கற்றுக்கொண்டிருந்தேன். அதே சிவப்பில் ஒன்று செய்து, நீட்டிக்கொண்டிருந்த கண்ணாடி வாலை அக்காவின் நக அரத்தால் தேய்த்துக் கோத்துவிட்டேன். யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று பீற்றிக்கொண்டேன்.

"போடி பீச்சாங்கை. கண்ண மூடிக்கிட்டே காட்டுவேன். என் அரத்தையும் பாழாக்கிட்ட" என்றாள் அக்கா.

அடுத்த வாரம் அந்த மாலையோடு போனாள், தான் விரும்பிய ஆளோடு. 'என்னைத் தேடாதீங்க' என்று ஒரு சீட்டு. பத்தொன்பது வருஷம். விடியலில் சத்தம் வராமல் தாழ்ப்பாளை எடுத்துவிட்டது நான். அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

எங்கேயோ நல்லா இருக்காள்னுதானே நினைச்சேன்? ஐயோ, ஏன் திறந்தேன்?

மார்ச் 10
ஒன்று புதிது என்று காப்பாளரிடம் சொன்னேன். "ஒண்ணுதானே? எடுத்துட்டு மிச்சத்தக் காட்சிக்கு வெச்சிடலாமே" என்றார், சாதாரணமாக.

எடுத்துவிட்டால் அம்மாவுக்கு மகள் உயிரோடு இருப்பாள். கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டில் வாசல் கதவு வழக்கம்போலத் தாழிடாமல் சாத்தியிருந்தது. அக்கா வந்தால் தட்டிக்கொண்டு நிற்கக் கூடாதாம்.

மார்ச் 11
மணியைத் திருப்பி வைத்தேன். அறிக்கையில் எழுதினேன்: நாற்பத்தொன்று இழுத்தவை, மிகப் பழையவை. ஒன்று சுற்றியது, வயது பத்தொன்பது. செய்தவள் நான். போலீசிடமும் அதையே சொன்னேன், அக்கா அந்த மாலையோடு போனதையும்.

மார்ச் 19
கிணற்றில் இன்னும் ஆழமாகத் தோண்டினார்கள். இருந்தாள்.

மார்ச் 23
காவல் நிலையத்தில் மணிகளை ஒரு தட்டில் கொட்டி அம்மாவிடம் நீட்டினார்கள். அம்மா மூக்குக்கண்ணாடி கொண்டுவரவில்லை. விரலால் தடவிக்கொண்டே போய் ஒன்றில் நின்றாள். "இது நீ பண்ணினது" என்றாள் என்னிடம்.

திரும்பி வரும்போது தாழ்ப்பாள் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். தெருமுனையில் அம்மா நின்றாள்.

"தெரியும்டி. முழிச்சிட்டுதான் படுத்திருந்தேன். போய் நிம்மதியா இருக்கட்டும்னு நெனச்சேன்."

சாயங்காலம் விளக்கு போட்டதும் அம்மா எழுந்துபோய் வாசல் கதவைத் தாழிடப் பார்த்தாள். தாழ்ப்பாள் துருவேறி இறுகிக் கிடந்தது. இரண்டு பேரும் சேர்ந்துதான் தள்ளினோம்.