அரைக்கால் சட்டையோடு உன் தம்பி உட்கார்ந்த நாள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுத உட்கார்ந்தேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போன மாதம் நீ பேசிய பேச்சுக்கு நான் பதில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் வைத்துவிடுவாய். கடிதத்தைப் பாதியில் மூடினாலும் மீதி அங்கேயே கிடக்கும், என்றைக்காவது படித்துத்தான் ஆகவேண்டும்.

சித்தி மகன் மறுபடி டிவியில் வரப்போகிறான் என்று கேள்விப்பட்டதும் உனக்குப் பழைய கோபம் கிளம்பிவிட்டது. சின்ன வயதில் அந்த நகைச்சுவைத் தொடருக்கு முதலில் உன்னைத்தான் எடுத்தார்கள், நான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்து உன் வாழ்க்கையைக் கெடுத்தேன் என்றாய். ஆமாம், இழுத்துத்தான் வந்தேன். அந்தத் தயாரிப்பாளர் உன் தாடையைப் பிடித்துத் திருப்பி, சந்தையில் கன்றுக்குட்டிக்குப் பார்ப்பதுபோல் பல் வரிசையைப் பார்த்தான். பார்த்துவிட்டு உன்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் என்னிடம், எத்தனை மணிக்குத் தூங்கும் என்று கேட்டான். பொம்மைக்குக்கூட அப்படிக் கேட்கமாட்டார்கள். நாம் வாசலைத் தாண்டுவதற்குள் உன் சித்தி தன் பிள்ளையை அந்த இடத்தில் நிறுத்திவிட்டாள். அதற்கப்புறம் அவன் பெற்ற பெரும்பேற்றை வரிசையாகச் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

எதை உடைத்தாலும் சோபாவிலிருந்து உருண்டு விழுந்து "நான் இல்ல, பூனை" என்று சொல்லவேண்டும், அவ்வளவுதான் அவன் நடிப்பு. ஊரே சிரித்தது. அவனுக்குப் பூனை என்றே பெயரும் விழுந்தது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கணக்குக் கேட்டால் இவன் பூனை வசனத்தைச் சொல்வான், அவரும் சிரித்துவிட்டு உட்காரச் சொல்வார், அதனால் வகுப்பு ஏறியதே தவிர வாய்ப்பாடு ஏறவில்லை. உன் சித்தப்பா இருந்த வேலையை விட்டுவிட்டு, கக்கத்தில் ஒரு தோல் பையை இடுக்கிக்கொண்டு மகனுக்கு மேனேஜர் ஆனார். அந்தப் பையில் ஒரு சீப்பும் பவுடர் டப்பாவும் தவிர வேறெதையும் நான் பார்த்ததில்லை. பையனுக்குக் குரல் உடைந்தது. பையன் ஹாஸ்டலுக்குப் போய்விட்டான் என்று தொடரில் யாரோ ஒரு வரி சொன்னார்கள், அதோடு முடிந்தது. கதாநாயகனாக ஒரு படம் நடித்தான், அதில் அவன் காதலைச் சொல்லி உருகுகிற இடத்தில் தியேட்டரே பூனை பூனை என்று கத்தியது. பிறகு கடைத் திறப்பு விழாக்கள். முதலில் நகைக்கடை, அப்புறம் செருப்புக்கடை, கடைசியாகப் பஞ்சர் ஒட்டும் கடை. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையைப் புத்தகத்தில் படித்திருப்பாய், நான் கண்ணால் பார்த்தேன். கட்டிக்கொண்டவளும் போய்விட்டாள். ஏன் இப்படிச் செய்தாய் என்று அவள் எதைக் கேட்டாலும் இவன் கண்ணை உருட்டிப் பூனையைச் சொன்னானாம். அவளைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை.

இப்போது அந்தத் தொடரையே புதிதாக எடுக்கிறார்கள். ஏழு வயதுப் பெண் ஒருத்தி பழைய பூனை இடத்தில், உன் தம்பிக்கு அவளுடைய தாய்மாமன் வேஷம். முதல் நாள் படப்பிடிப்புக்குத் துணைக்கு வா என்று சித்தி காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள், நானும் போய்த் தொலைத்தேன். நாற்பதைத் தாண்டியவனுக்கு பழைய தொடரில் போட்ட மாதிரியே தோள்வார் வைத்த அரைக்கால் சட்டையை மாட்டி, மேக்கப்காரர் முழங்காலுக்குக் கீழே மயிரை மழித்துப் பவுடர் அடித்துக்கொண்டிருந்தார். தொப்பை வாருக்கு வெளியே எட்டிப் பார்த்தது. உன் சித்தி என் விலாவில் இடித்து, அப்படியே இருக்கான் பாரேன் என்றாள். இவளுக்குக் கண்ணாடி மாற்றவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். பார்க்க வந்தவர்களைப் பலகையில் உட்காரவைத்து, ஒருவன் அட்டையைத் தூக்கினால் சிரிக்கவேண்டும், இறக்கினால் நிறுத்தவேண்டும் என்று சொல்லிவைத்திருந்தார்கள். படித்தவர்கள் மாதிரிதான் இருந்தார்கள், அட்டைக்குச் சிரித்தார்கள்.

அந்தச் சின்னப் பெண் சோபாவிலிருந்து விழுந்து வசனம் சொல்லவேண்டும். விழுந்தாள், சொன்னாள். டைரக்டர் இன்னொரு தடவை என்றார். மறுபடி விழுந்தாள், இன்னொரு தடவை என்றார். எனக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது, குழந்தைக்குக் கண் சிவந்து உதடு காய்ந்திருந்தது. வாந்தி வருகிறமாதிரி இருக்கிறது என்று அவள் தன் அம்மாவிடம் சொன்னாள், அம்மாக்காரி வாயைத் துடைத்துவிட்டு, கண்ணு, இதான் கடைசி என்று திருப்பி அனுப்பினாள். சோபாப் பக்கத்தில் நின்ற உன் தம்பி குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். பிறகு அந்தக் கம்பளத்தின் நட்டநடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். அட்டைக்காரன் வேடிக்கை என்று நினைத்து அட்டையைத் தூக்கினான், எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் இவன் சொன்னான்.

"பாப்பாவுக்குக் காய்ச்சல் அடிக்குது. வீட்டுக்கு அனுப்புங்க. அதுவரைக்கும் நான் எந்திரிக்கமாட்டேன்."

தயாரிப்பாளர் குனிந்து, மாமா வேஷத்துக்கு ஆயிரம் பேர் கிடைப்பார்கள் என்று சொல்லிப் பார்த்தார். தேடிக்கொள்ளுங்கள் என்றான். டைரக்டர் கத்தினார். விளக்கை அணைத்தார்கள், மறுபடி போட்டார்கள். அதற்குள் உன் சித்தி என் கையை உதறிவிட்டு உள்ளே ஓடினாள், எந்திரிடா, என் மானத்தை வாங்காதே என்று அவன் தோளைப் பிடித்து இழுத்தாள். அவன் அவளை அண்ணாந்து பார்த்தான். குரலை உயர்த்தவேயில்லை.

"எனக்கும் காய்ச்சல் இருந்துச்சும்மா. ஒவ்வொரு தடவையும் நீ இதான் கடைசின்னு சொன்னே."

சித்தி பிடித்த தோளை விட்டுவிட்டு, எந்தப் பக்கம் வெளியே போவது என்று தெரியாமல் நின்றாள். வெளியே காத்திருந்த குழந்தையின் அப்பா, பஸ் ஓட்டுகிறவர், சத்தம் கேட்டு உள்ளே வந்து, யாரையும் கேட்காமல் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். அவர் வாசலைத் தாண்டிய பிறகுதான் இவன் எழுந்தான். கால் மரத்துப்போய் விழப் பார்த்தான், நான்தான் பிடித்துக்கொண்டேன். நாற்பது வயதுக்கு மேல் முதல்முதலாக ஒரு உருப்படியான காரியம் செய்தான், அதையும் அரைக்கால் சட்டையோடு செய்தான்.

இதனால் உலகம் திருந்திவிட்டது என்று நினைக்காதே. அடுத்த வாரமே வேறொரு குழந்தை கிடைத்தது, வேறொரு மாமாவும் கிடைத்தான். தொடர் வரத்தான் போகிறது, நீ அங்கேயிருந்து பார்த்துச் சிரிக்கலாம். சித்தி அவனை வீட்டுக்கு வராதே என்றுவிட்டாள், சித்தப்பா பையோடு மாடியில் போய் உட்கார்ந்துகொண்டார். அதனால் உன் அறையில்தான் இருக்கிறான். ஈரத்துண்டைக் கட்டிலில் போடுகிறான். வெயில் முதுகில் சுடுகிறவரை தூங்குகிறான். ஒரு பல்பு மாற்றச் சொன்னால் அதற்கும் என்னைக் கூப்பிடுகிறான். இந்த வயதில் இவனுக்கு எல்லாவற்றையும் ஆனா ஆவன்னாவிலிருந்து தொடங்கவேண்டும். அப்பா அவனைத் தினம் காலையில் நடக்கக் கூட்டிப்போகிறார். முழங்கால் வலிக்காரர் முன்னால் போகிறார், இவன் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போகிறான்.

நேற்று அந்த பஸ்காரர் மகளைக் கூட்டிக்கொண்டு வீடு தேடி வந்தார். குழந்தை தேறியிருந்தது. பழைய தொடரைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது, அவள் பிறப்பதற்கு முன்னால் வந்தது, யாரும் போட்டுக் காட்டவுமில்லை. இவனோ எங்கே போனாலும் ஆட்கள் கேட்பதற்கு முன்னாலேயே கண்ணை உருட்டத் தயாராக நிற்கிறவன். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்கதானே கீழே உக்காந்த மாமா?" என்று கேட்டாள். "ஆமா" என்றான். அவன் ஒரே வார்த்தையில் பதில் சொல்லி நிறுத்தியதை நேற்றுதான் கேட்டேன். அப்புறம் அடுப்படிக்கு வந்து, என் பக்கம் திரும்பாமல், குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு வெகுநேரம் முகம் கழுவினான். தண்ணீர் வீணாகிறது என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை.

நீ என்மேல் கோபமாகவே இரு, எனக்கு ஒன்றும் குறையில்லை. பல் டாக்டராகி ஊரார் வாயைத் திறக்கச் சொல்கிறாய், உன் வாயை எவனும் திறந்து பார்க்கவில்லை, அது போதும். நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழவேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். குளிரில் தலைக்கு ஏதாவது கட்டிக்கொள். மறக்காமல் ஞாயிற்றுக்கிழமை போன் செய், என்னிடம் பேசப் பிடிக்காவிட்டால் அவனிடம் பேசு. கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறதாம், ஒரு பக்கமாகவே மெல்லுகிறான். என்ன செய்யவேண்டும் என்று அக்காவாக அவனுக்குப் பொறுமையாகச் சொல்.

என்றும் உன் நன்மையையே நினைக்கும்,
அம்மா