நீ தோற்ற ஒரே ஆட்டம்

அக்கா,

நேற்று சாயங்காலம் கையிலிருந்த எவர்சில்வர் டம்ளரைச் சுவரில் விட்டெறிந்தேன். அதில் பாதிக் காபி இருந்தது. புது டிவிக்கு ஒரு சாண் தள்ளிப் பட்டது. மகனுக்கு முகம் வெளிறிப்போய்விட்டது. "நைனாவுக்கு வயசாயிடுச்சி, எதுக்குக் கோவம் வருதுன்னே தெரியல" என்று மருமகளிடம் அவன் முணுமுணுத்ததும் என் காதில் விழுந்தது. எந்த வயதில் எனக்குக் கோபம் வராமல் இருந்தது? உனக்குத் தெரியும்.

டிவி வந்து மூன்று நாள்தான் ஆகிறது. பழையது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. படம் பார்க்கவும், பிள்ளைகள் கேம் ஆடவும் பெரியது வேண்டுமாம். கட்டில் நீளத்துக்கு ஒன்றைக் கொண்டுவந்து சுவரில் மாட்டிவிட்டார்கள். பெட்டியைப் பிரித்தபோது அந்தத் தெர்மாகோல் வாசனையும் புது பிளாஸ்டிக் வாசனையும் கூடம் முழுக்க அடித்தது. எல்லோருக்கும் அது புதுச் சாமான் வாசனை. எனக்கு அது உன் வீட்டு வாசனை. அன்றிலிருந்தே நான் சரியில்லை.

நேற்று பேத்தியும் பேரனும் ஆடிக்கொண்டிருந்தார்கள். பேத்தி மூன்று ஆட்டம் தொடர்ந்து ஜெயித்தாள். சின்னவன் தரையில் உருண்டு அழுதான். என் மகன் செய்தித்தாளிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல் சொன்னான்: "ஒரு ஆட்டம் வுட்டுக் குடும்மா. தோத்தா இன்னா கொறஞ்சா பூடுவே?"

அதே வார்த்தை, அக்கா. உன் அடுப்படியில் நின்றுகொண்டு நான் உன்னிடம் சொன்ன அதே வார்த்தை. டம்ளர் எப்போது கையை விட்டுப் போனது என்று எனக்கே தெரியாது.

நம் கல்யாணத்திலிருந்து சொல்ல வேண்டும். அம்மையார்குப்பத்தில் நம் நைனா பெண் கொடுத்துப் பெண் எடுத்தார். உன்னைத் திருத்தணியில் பாவாவுக்குக் கொடுத்தார், அதே பந்தலில் பாவாவின் தங்கையை எனக்குக் கட்டிவைத்தார். ஒரே பந்தி, ஒரே மேளம், இரண்டு தாலி. இது ரொம்பப் பத்திரமான சம்பந்தம் என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அங்கே இருக்கும் பெண் நன்றாக இருந்தால்தான் இங்கே இருக்கும் பெண்ணும் நன்றாக இருப்பாள், அதனால் இரண்டு பக்கமும் அடங்கி இருக்கும் என்று கணக்கு. அங்கே ஒருத்தி அடி வாங்கினால், இங்கே இருக்கிறவன் தன் பெண்டாட்டியைக் காப்பாற்றிக்கொள்ள வாயைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

பாவாவுக்கு மலையடிவாரத்தில் வீடு, வீட்டோடு ஒட்டிய கொட்டகையில் நாலு விசைத்தறி. நானும் பக்கத்துத் தெருவில் குடியேறி அந்தத் தறியிலேயே லுங்கி ஓட்டினேன். அவர் கை ஓங்குகிறவர்தான். இப்போதும் எனக்கு 'அவர்' என்றுதான் வருகிறது பார், பழக்க தோஷம். ஆனால் அந்த டிவி வரும்வரை ஏதோ மாதத்துக்கு ஒன்று, இரண்டு என்று இருந்தது.

எண்பதுகளின் நடுவில் அது. மடக்குக் கதவு வைத்த கருப்பு வெள்ளைப் பெட்டி ஒன்று அவர் வீட்டில் ஏற்கெனவே இருந்தது. அது போதாது என்று சென்னைக்குப் போய்க் கலர் டிவி வாங்கி, டாக்சியின் பின்சீட்டில் மாப்பிள்ளை மாதிரி உட்காரவைத்துக் கொண்டுவந்தார். தெருவில் பூசணிக்காய் உடைத்தோம். நான்தான் மாடியில் ஏறி ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிக் கட்டினேன். கூடவே பர்மா பஜாரில் இருந்து ஒரு கேம் பெட்டியும் வாங்கி வந்திருந்தார். டிவியின் பின்னால் ஒயரைச் சொருகினால் திரையில் இந்தப் பக்கம் ஒரு கோடு, அந்தப் பக்கம் ஒரு கோடு, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. ஆளுக்கொரு திருகு பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, கோட்டை மேலும் கீழும் நகர்த்திப் புள்ளியை அடிக்க வேண்டும். அடிபடும்போதெல்லாம் 'டொக்' என்று சத்தம். முதலில் பதினைந்து எடுப்பவன் ஜெயித்தவன். அவ்வளவுதான் ஆட்டம். ஊரே வாயைப் பிளந்தது.

தறி ஓடினால் வோல்டேஜ் இறங்கிப் படம் சுருங்கி நடுங்கும். அதனால் தறி நிற்கும் நாளில்தான் ஆட்டம். அமாவாசைக்கு நெசவாளி தறி தொடமாட்டான். முழுகிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆட்கள் எல்லோரும் பாவா வீட்டுக் கூடத்தில் கூடிவிடுவார்கள். முதல் அமாவாசையில் அவர் ஒவ்வொருவராக எல்லோரையும் தோற்கடித்தார். எனக்கு இரண்டே புள்ளி. அப்போது கொட்டகையில் நூல் தார் சுற்றும் கிழவர்தான் விளையாட்டாகச் சொன்னார், "மொதலாளி, வூட்டம்மா ஒரு கை பாக்கட்டுமே" என்று.

நீ கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாய். பதினைந்துக்கு மூன்று என்று அவரை முடித்துவிட்டு, அடுப்பில் பருப்பு இருக்கிறது என்று எழுந்து போனாய். கூடம் அதிர்ந்தது சிரிப்பில். "இன்னா மொதலாளி, தோசையத் திருப்பிப் போடறாப்பல திருப்பிட்டாங்களே!"

நான் பின்னாலேயே வந்து எப்படி என்று கேட்டேன். "கண்ணால பாத்துகினு இருந்தா லேட்டாயிடும்டா. டொக்குன்னு கேக்கும் பாரு, கேக்கறப்பவே கை பூடணும். கைத்தறியில நூல இட்டுகினு நாடா போறத நீ என்னிக்காவது பாத்துகினா ஓட்டுவே?" என்றாய். பத்து வயதிலிருந்து நைனாவின் குழித்தறியில் உட்கார்ந்தவள் நீ. உன் காதும் கையும் ஒன்றாகவே வளர்ந்தவை.

அன்று சாயங்காலமே அடி விழுந்தது. மறுநாள் உன் கன்னத்தில் நாலு விரலும் தெரிந்தது. அடுத்த அமாவாசையில் அவரே கூப்பிட்டார், நீ மறுபடி ஜெயித்தாய், மறுபடி அடி. உனக்கு வேண்டுமென்றே தோற்கத் தெரியவில்லை. தெரியவில்லையா, பிடிக்கவில்லையா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. மூன்றாம் அமாவாசையில் நீ ஜெயித்ததும் ஆட்கள் வெளியே போகும்வரைகூட அவர் காத்திருக்கவில்லை. விரித்த கையால் உன் வலது காதில் ஓங்கி அறைந்தார். ரத்தம் கழுத்து வரைக்கும் வழிந்தது. சென்னையில் காது டாக்டர் பார்த்துவிட்டு, ஜவ்வு கிழிந்துவிட்டது, அந்தக் காது இனிமேல் வராது என்றார். பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்று நீ சொன்னாய். திரும்பி வரும்போது அவர் உனக்கு மல்லிகைப்பூ வாங்கிக் கொடுத்தாராம்.

அந்த வாரம் நான் சில்லறை விஷயத்துக்குப் பொதட்டூர்பேட்டை பஸ் கண்டக்டரின் சட்டையைப் பிடித்துக் கிழித்தேன். சந்தையில் ஒருவன் மூக்கை உடைத்தேன். உடைக்க வேண்டிய மூக்கு எது என்று எனக்குத் தெரியும். அதைத் தவிர எல்லா மூக்கையும் உடைத்தேன். கடைசியில் உன்னிடம் வந்து அவனை வெட்டிப் போடுகிறேன் என்றேன். நீதான் என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"கை வெக்காதே. நீ வெச்சின்னா உம்பொண்டாட்டிய இட்டாந்து இங்க ஒக்கார வெச்சிக்குவான். அவ முழுவாம வேற இருக்கா. கொழந்த மூஞ்சியக்கூட உனக்குக் காட்ட மாட்டான்."

நானும் கையை வைக்கவில்லை. அந்தப் பயம் அப்படி. பாவாவோ தறிமேட்டில் நின்று எல்லோரிடமும் சொன்னார், "வர்ற அமாவாசைக்கு வந்து பாருங்கடா. இப்ப அவ எந்தக் காதுல கேக்குறான்னு பாக்கலாம்."

அந்த அமாவாசை காலையில் நான் கொல்லை வழியாக உன் அடுப்படிக்கு வந்தேன். நீ வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தாய். இன்றைக்கு மட்டும் தோற்றுவிடு என்று கேட்டேன்.

"தோத்தா அடிக்க மாட்டான்றியா?"

"ஆங். அப்பறம் எதுக்கு அடிக்கப் போறாரு?"

"உனக்கு அவனத் தெரியல."

"எனக்கோசரம் அக்கா. எம்பொண்டாட்டி புள்ளைக்கோசரம். ஒரே ஒரு ஆட்டம். தோத்தா இன்னா கொறஞ்சா பூடுவே?"

நீ குழவியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாய். ரொம்ப நேரம் இல்லை. "செரி" என்றாய்.

ஆட்டம் தொடங்கியபோது இடது காதை டிவி பக்கம் திருப்பிச் சாய்ந்து உட்கார்ந்தாய். உன் வலது கால், தறி மிதியை மிதிப்பது போலத் தரையில் தட்டிக்கொண்டே இருந்தது. ஒரு காதை வைத்துக்கொண்டே மளமளவென்று நாலு புள்ளி எடுத்துவிட்டாய். பாவாவின் கழுத்து நரம்பு புடைத்தது. நீ தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாய். நான் வேண்டாம் என்பதுபோல மெல்லத் தலையசைத்தேன், ஆடாதே என்று. உன் கால் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு உன் கோடு இருந்த இடத்திலேயே கிடந்தது. புள்ளி போய்க்கொண்டே இருந்தது. பக்கத்தில் ஏழு மாத வயிற்றோடு உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரிக்குப் பொறுக்கவில்லை. "இன்னாத்துக்கு வுட்டுக் குடுக்கற? ஆடு அண்ணி!" என்று கத்தினாள், தன் கூடப்பிறந்த அண்ணன் எதிரிலேயே. நான் அவள் தொடையைக் கிள்ளி வாயை மூட வைத்தேன். பதினைந்துக்கு நாலு. நீ தோற்றாய்.

ஒருவரும் கை தட்டவில்லை. தார் சுற்றும் கிழவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ விட்டுக் கொடுத்தது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும், பாவாவுக்கும் தெரியும்.

"பிச்ச போடறியாடி எனக்கு?"

திருகு பெட்டியை ஒயரோடு சுழற்றி உன் முகத்தில் அடித்தான். புருவம் பிளந்தது. நீ சாய்ந்ததும் வயிற்றில் எட்டி உதைத்தான். மறுபடியும் ஒயரைச் சுழற்றினான். ஜெயித்தபோது அடித்த அடியெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. நீ இடது காதை மட்டும் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு சுருண்டு கிடந்தாய்.

ஜன்னல் மேட்டில் தறி நாடா ஒன்று கிடந்தது. தேக்குக் கட்டை, இரண்டு முனையிலும் இரும்புக் கூர். அதை எடுத்து அவன் வாயில் அடித்தேன். பல் உதிர்ந்தது. தோளில் அடித்தேன், எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. விழுந்தவன் மேல் ஏறி உட்கார்ந்து மறுபடி அடித்தேன். நாலு பேர் என்னைப் பிடித்து இழுக்காவிட்டால் கொன்றிருப்பேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அடிக்கும்போது நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். புதுக் கலர் டிவி மேலெல்லாம் ரத்தத் துளி. ஆளில்லாத ஆட்டத்தில் புள்ளி பாட்டுக்குப் போய்வந்துகொண்டிருந்தது.

நான் பயந்தது நடந்தது. ரத்தத்தைத் துப்பிவிட்டு அவன் தன் தங்கையைப் பார்த்தான். "எழுந்து உள்ள போ. இனிமே அவன் வூட்டு வாசப்படிய நீ மிதிக்கக் கூடாது."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். உள்ளே போகவில்லை. நேராக உன்னிடம் வந்து உன்னைத் தூக்கி நிறுத்தினாள். "என் வூடு பக்கத்துத் தெருவுல இருக்குதுண்ணா. அண்ணியையும் இட்டுகினு போறேன்" என்றாள். அவ்வளவுதான். இத்தனை மாதம் நான் எதற்காகப் பயந்து உன்னை அடி வாங்க விட்டேனோ, அது ஒரே பேச்சில் முடிந்துபோனது. அவள் போய்விடுவாளா என்று அவளை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் உன் காது இருந்திருக்கும்.

அதற்கப்புறம் நீ எங்கள் வீட்டிலேயே இருந்தாய். பஞ்சாயத்துக்கு இரண்டு தடவை கூப்பிட்டார்கள், நீ போகவில்லை. எங்களுக்கென்று இரண்டு தறி போட்டதும் நீதான் முன்னால் நின்று ஓட்டினாய். என் மகனை வளர்த்ததும் நீதான், அவன் முதுகில் விழுந்த பாதி அடியும் உன்னுடையதுதான். பாவா செத்தபோது நான் போகவில்லை. நீ மட்டும் போய்விட்டு வந்து, தலைக்கு ஊற்றிக்கொண்டு, பசிக்கிறது என்று சாப்பிட உட்கார்ந்தாய்.

காது போனதைப் பற்றி நீ ஒரு நாளும் பேசியதில்லை. தோற்றதைத்தான் பேசுவாய். "எனக்குத் தெரிஞ்சி ஒரே ஒரு தபாதான்டா உம்பேச்சக் கேட்டேன்" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பாய். வீடே சிரிக்கும். எனக்கு மட்டும் சிரிப்பு வராது, நீயும் அதைக் கவனித்துவிட்டு வேறு பேச்சை எடுப்பாய். நீ போய் இந்த ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு வருடம். மன்னிச்சிடு அக்கா என்று ஒரு வார்த்தை உன்னிடம் நான் சொல்லவே இல்லை. சொன்னால், அந்த இடது காதைத் திருப்பி, என்னடா சொன்னே என்று கேட்டிருப்பாய். மறுபடி சொல்லத் தெம்பு இருந்திருக்காது.

நேற்று டம்ளரைப் பொறுக்கி வைத்துவிட்டு, காபிக் கறையையும் நானே துடைத்தேன். பேத்தி பயந்துபோய்த் தூணோரம் நின்றிருந்தாள். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, எனக்கும் ஆடுகிற ரிமோட் ஒன்றைக் கொடு, ஆடலாம் என்றேன். அதில் ஏகப்பட்ட பொத்தான், எதுவும் எனக்குப் புரியவில்லை. கண் மூடித் திறப்பதற்குள் என்னைத் தோற்கடித்தாள். அடுத்த ஆட்டத்தில் பாதியிலேயே கையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். தாத்தாவுக்கு மறுபடி கோபம் வருமோ என்று நினைத்திருப்பாள்.

"ஆடு" என்றேன்.

அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஆடு கண்ணு, நிறுத்தாதே, ஆடு" என்றேன். குரல் கொஞ்சம் பெரிதாகத்தான் வந்திருக்க வேண்டும், மருமகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நாற்பது வருடத்துக்கு முன்னால் உன்னைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் கத்திக்கொண்டிருந்தேன் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?