ஏழாம் கேள்வி

23.04.2007, திங்கள்
இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். என்னை நல்லவளாகக் காட்ட ஒரு வரிகூடச் சேர்க்க மாட்டேன்.

இன்று கோயிலில் புதுநன்மை வகுப்பு, அதாவது பூசையில் முதல்முறை நற்கருணை அப்பம் வாங்குவதற்கான வகுப்பு, தொடங்கியது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவே நான் மட்டும் எட்டு முடித்தவள். அப்பா இறந்து, அம்மாவும் நானும் ராதாபுரத்திலிருந்து திருப்பூர் வந்த வருடம் வாங்கியிருக்க வேண்டியது. மூன்று வருடமாகத் தள்ளிப்போய்விட்டது.

ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் முதல் பாவசங்கீர்த்தனத்துக்காக, வகுப்பெடுக்கும் சிஸ்டர் ஒரு தாள் தந்தார். இருபது கேள்விகள். அவற்றைக் கேட்டு நம் பாவங்களை நாமே கண்டுபிடிக்க வேண்டுமாம். பரீட்சை மாதிரி. எனக்குப் பிடித்திருக்கிறது.

25.04, புதன்
ஏழாம் கேள்வி: “ஞாயிறு பூசையை விட்டுவிட்டு வேலை செய்தேனா?” சத்தமாகப் படித்தேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றுவிட்டது.

அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். ஷிப்மெண்ட் என்றால் ஞாயிறும் வேலை. காலை எட்டு மணிக்கு கேட்டைப் பூட்டிவிடுவார்கள். வேலையில்லாத ஞாயிறுகளில் பூசைக்கு வருவாள். எல்லோரும் நன்மை வாங்கப் போகும்போது பெஞ்சிலேயே இருப்பாள். கால்வலி என்று நினைத்திருந்தேன்! பூசையை விட்ட பாவத்தோடு நன்மை வாங்கக் கூடாதாம்.

“சங்கீர்த்தனம் பண்ணிட்டு வாங்கலாம்லம்மா?”

“இனிமே செய்ய மாட்டேன்னு சொல்லணும்ட்டி. அடுத்த ஷிப்மெண்டுக்கும் போகத்தான செய்வேன். சாமிகிட்டயே பொய் சொல்லச் சொல்லுதியா?”

ஏழாம் கேள்விக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன். இதற்குப் பதில் யாரிடம் இருக்கும்?

27.04, வெள்ளி
வகுப்பில் எழுந்து கேட்டேன். “கேட்டைப் பூட்டுறது ஒருத்தர். பாவம் மட்டும் உள்ள இருக்கிறவங்களுக்கா, சிஸ்டர்?” பிள்ளைகள் சிரித்தார்கள்.

“நீ உன் பாவத்தைப் பாரு.”

“எங்கம்மாவுக்கு இல்லாத நன்மை எனக்கும் வேண்டாம்.”

“அப்படியா? சரி, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.” பட்டியலில் என் பெயர்மேல் கோடு விழுந்தது. மன்னிப்புக் கேட்டால் திரும்ப எழுதுவாராம்.

28.04
நான் அழவில்லை.

பொய். அழுதேன்.

04.05, வெள்ளி
பங்கு இல்லத்து அலமாரியில் தடிமனான மறைக்கல்விப் புத்தகம் ஒன்று இருக்கிறது. ஐந்து நாள் போய்த் தேடினேன். இருக்கிறது! குடும்பத்தின் தேவைக்காக, வேறு வழியில்லாமல் ஞாயிறு வேலைக்குப் போகிறவர்மேல் அது குற்றமாகாது. அப்படியே எழுதிக்கொண்டு ஃபாதரிடம் ஓடினேன்.

“சரியாத்தான் படிச்சிருக்கே. ஆனா இதை உங்கம்மாகிட்ட நான்தான் சொல்லணும். வரச் சொல்லு. நீயும் சிஸ்டர்கிட்ட மன்னிப்புக் கேட்டுடு.”

“எதுக்கு, ஃபாதர்? கேள்வி கேட்டதுக்கா?”

அவர் கண்ணாடியைத் துடைத்தார். நான் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

08.05
அம்மா இன்றும் “நாளைக்குப் போறேன்” என்றாள். அதேதான், நான்காம் தடவை.

10.05, வியாழன்
போனாள்! வேலை விட்டு நேரே கோயிலுக்கு. அரைமணி நேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“ஃபாதர் என்னம்மா சொன்னாரு?”

“சங்கீர்த்தனத்துல பேசினதைக் கேக்கக் கூடாதுன்னு ஒங்க சிஸ்டர் சொல்லித் தரலியோ?”

12.05, சனி
சாப்பாடு கொண்டுபோனபோது கம்பெனி வாசலில் அம்மா சூப்பர்வைசர் தங்கவேலுவிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்கக்கா, நாளைக்கு ஷிப்மெண்டுன்னு தெரியுமில்லீங்க?”

“தெரியும் தம்பி. கோயிலுக்குப் போணும்.”

“பாப்பாவுக்குப் புதுநன்மைங்களா?”

“இல்ல. எனக்கு.”

அவர் தலையைச் சொறிந்தார். “எட்டு மணிக்கு மேல கேட்டைத் தொறக்க மாட்டாங்க. அப்பறம் என்னையச் சொல்லப்படாதுங்க.”

“பூட்டிக்கிடுங்க. திங்கக்கெழம வாரேன்.”

13.05, ஞாயிறு
முன்வரிசையில் பிள்ளைகள் வெள்ளை உடையில், கையில் மெழுகுதிரியோடு. நான் பழைய பச்சைப் பாவாடையில், அம்மா பக்கத்தில். பூசைக்கு முன் சிஸ்டர் குனிந்து, “இப்பக்கூடக் கேட்கலாம், ஒரு வார்த்தை போதும்” என்றார். உண்மையைச் சொன்னால், கனிவாகத்தான் சொன்னார். ஆசையாக இருந்தது. தலையை ஆட்டி மறுத்துவிட்டேன்.

பிள்ளைகள் வாங்கி முடித்தார்கள். அம்மா எழுந்தாள்; என்னைப் பார்த்து நின்றாள்.

“போம்மா.”

வரிசையில் கடைசியாகப் போனாள். எங்கள் பெஞ்சில் நான் மட்டும் இருந்தேன். வருத்தமா? ஆமாம். தப்புச் செய்தேனா? இல்லை.

திரும்பி வந்து முழந்தாளிட்டவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. பூசை முடிந்து எல்லோரும் போட்டோ எடுக்க வெளியே போய்விட்டார்கள். கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் எங்களைப் பார்த்துவிட்டு, விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார்.