ஏழாம் நம்பர் முயல்

மார்ச் 4

அடி நெட்டை,

பதினோரு வருஷம் கழித்து எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே.

சார் ஓய்வு பெற்றுவிட்டார். ஆய்வகம் இப்போது என் பொறுப்பில். நேற்று ஃப்ரீஸரில் பனியைச் சுரண்டும்போது உன் கையெழுத்தோடு ஒரு குட்டி ட்யூப்: ‘7ஆம் நம்பர் முயல்’. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். குளிர் அறையில் ஒரே ஸ்வெட்டரை ஆளுக்குப் பத்து நிமிஷம் மாற்றிமாற்றிப் போட்டுக்கொண்டோமே! உனக்குக் கை முழங்கையோடு நின்றுவிடும், எனக்கு முட்டி வரை தொங்கும். “இன்னொரு குட்டையையும் உள்ள வச்சு தைக்கலாம்டி” என்பாய்.

ஒரு உதவி. செல்லுக்குள் சேதி கடத்துகிற நம் புரதத்தைப் பிடித்துக் காட்ட, கம்பெனியிலிருந்து புது ஆன்டிபாடி வாங்கினோம். ஃபிலிமில் கோடே காட்டமாட்டேன் என்கிறது. உன் முயலின் ரத்தத்திலிருந்து எடுத்ததுதான் பளிச்சென்று காட்டும். அதை எத்தனை மடங்கு நீர்க்கச் செய்வாய்?

உன்
குட்டை

மார்ச் 15

அன்புள்ள குட்டை,

கிழிக்கவில்லை. கிழிக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்துகிறேன். மதியத்துக்குள் அறுபது கை. மகளுக்கு எட்டு வயது. உன்னைப் போலவே குள்ளம், உன்னைப் போலவே வாய். ஸ்வெட்டரைப் படித்துச் சிரித்தேன். பிறகு கோபம் வந்தது.

ஆயிரம் மடங்கு. சொல்லிவிட்டேன். இப்போது நான் சொல்வதைக் கேள். அந்தப் புரதமே இல்லாத செல்லில் அதைப் போட்டுப் பார். அன்றைக்கு நான் பார்த்தேன். அதிலும் கோடு விழுந்தது. அது வேறு எதையோ பிடிக்கிறது என்று சாரிடம் சொன்னேன். “ஒப்பந்தத்துல இருக்கிறவ எனக்குப் பாடம் எடுக்கிறியா? ஆதாரம் எங்கே?” என்றார். நோட்டைத் திறந்தேன். 60ஆம் பக்கத்துக்கு அடுத்து 63 இருந்தது.

மாதக் கடைசியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். நீ பக்கத்து ஸ்டூலில்தான் இருந்தாய். குனிந்த தலை நிமிரவில்லை.

நெட்டை

ஏப்ரல் 9

நெட்டை,

மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். புரதம் இல்லாத செல்லிலும் கோடு விழுகிறது.

கிழித்தது நான்தான். எரிக்கத்தான் நினைத்தேன். முடியவில்லை. நீ அதில் ஒட்டியிருந்த, கோடு பதிந்த ஃபிலிமோடு சேர்த்து என் ஆய்வேட்டின் அட்டைக்குள் ஒளித்துவைத்தேன். பட்டம் கைக்கெட்டும் தூரத்தில், அப்பா படுத்த படுக்கையில்... இதையெல்லாம் ஒரு பக்கம் எழுதி அடித்துவிட்டேன்.

இப்போது என்ன செய்யட்டும்? யாருக்கும் தெரியாது. உன் முயலை நம்பி நான் வெளியிட்ட கட்டுரையைத் திரும்பப் பெற்றால் என் வேலையே போகலாம். நீ இங்கே வந்துவிடேன். நிரந்தர வேலை போட்டுத் தருகிறேன். பழையபடி இருக்கலாம்.

குட்டை

ஏப்ரல் 17

குட்டை,

யாருக்கும் தெரியாதா? எனக்குத் தெரியுமே. நான் யாருமில்லையா?

உன் கட்டுரையை நம்பி எத்தனை ஆய்வகங்களில் எத்தனை பேர் வராத கோட்டுக்காக மாடாய் உழைத்திருப்பார்கள்! “கை சுத்தமில்லை” என்று திட்டு வாங்கியிருப்பார்கள். திட்டியவர்கள் எல்லாம் நிரந்தர வேலையில், வாங்கியவர்கள் எல்லாம் ஒப்பந்தத்தில். என் வாய்க்குப் பூட்டாக ஒரு வேலையா? வேண்டாம்.

பழையபடி என்கிறாய். எனக்கும் ஆசைதான். தினமும் ஊசியைப் பிரிக்கும்போது அந்தக் குளிர் அறை ஞாபகம் வருகிறது. ஆனால் அந்த அறையில் நாம் இரண்டு பேர் இருந்தோம் என்றுதான் நினைத்திருந்தேன்.

நெட்டை

மே 20

நெட்டை,

கட்டுரையைத் திரும்பப் பெற எழுதி அனுப்பிவிட்டேன். பிரதி இத்துடன். தவறைக் கண்டுபிடித்தது நீ என்று உன் முழுப்பெயரோடு எழுதியிருக்கிறேன். மறைத்தது நான் என்றும். விசாரணைக் குழு போட்டிருக்கிறார்கள். சாப்பாட்டு அறையில் நான் உட்கார்ந்தால் மேசை காலியாகிவிடுகிறது. உனக்கு அப்படித்தானே இருந்திருக்கும்?

62ஆம் பக்கமும் ஃபிலிமும் உறைக்குள். ஸ்வெட்டர் இத்தனை நாளும் என்னிடம்தான் இருந்தது. அதையும் வைத்திருக்கிறேன்.

ஒரு வரி எழுது.

குட்டை

ஜூன் 2

குட்டை,

எல்லாம் வந்தது. ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கோடு அப்படியே இருக்கிறது. “என்னம்மா இது?” என்றாள் மகள். “நான் பார்த்தது” என்றேன்.

ஸ்வெட்டரை அவள் போட்டுப் பார்த்தாள். முட்டி வரை தொங்கியது. அதற்கு மேல் அதை வீட்டில் வைத்திருக்க முடியவில்லை. திருப்பி அனுப்புகிறேன். குளிர் அறைக் கதவில் மாட்டு. உன் வேலை நிலைத்தால், அங்கே ஒப்பந்தத்தில் இருக்கிற பெண் போட்டுக்கொள்ளட்டும். அவள் ஏதாவது சொல்ல வந்தால் நிமிர்ந்து பார்.

இனி எழுதாதே.

நெட்டை